கப்பலுக்குக் காத்திருக்காத காய்கறி

சென்னையில் ஏற்றிய மூட்டை கப்பலில் அந்தமான் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். ஸ்ரீவிஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊரில், இறங்கிய பிறகும் பாராடாங் தீவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் இருக்கிறது. அது நினைத்த நேரத்தில் போகிற சாலையும் அல்ல. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, குறித்த நேரத்தில் கிளம்பும் வண்டி வரிசையோடு சேர்ந்து ஜராவா பழங்குடியினரின் காப்புக் காட்டைக் கடக்க வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வண்டியைப் படகில் ஏற்றி, நீலாம்பூர் துறையில் இறக்க வேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பூண்டும் இந்தப் பயணத்தைத் தாங்கும். கீரை தாங்காது. பறித்த மறுநாள் துவண்டுபோகும். அதற்கடுத்த நாள் பழுத்துவிடும்.

அதனால் பாராடாங்கில் ஒருவர் தட்டில் விழும் கீரை பெரும்பாலும் தீவிலேயே முளைத்ததாகத்தான் இருக்கும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கப்பல் தாமதமானாலும், புயல் எச்சரிக்கை வந்து படகு நின்றாலும் கிடைக்கிற காய்கறி இது. உடம்புக்கு மிகவும் வேண்டிய காய்கறிகளில் ஒன்றும் இதுதான். சிறுகீரையும் அரைக்கீரையும் ஊரில் கிடைப்பதுபோல் இங்கே கிடைப்பதில்லையே என்று குறைப்படுவதை விட, இந்த மழையிலும் மண்ணிலும் தானாகவே தழைக்கிற கீரைகளைத் தெரிந்துகொண்டு, சத்து வீணாகாமல் ருசியாகச் சமைப்பது பயன் தரும். அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

மழைக்கு ஏற்ற கீரை எது?

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவ மழையும் இங்கே உண்டு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் காய்வதில்லை. சனவரி முதல் ஏப்ரல் வரைதான் வறண்ட காலம்.

கீரையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. பாலக் குளிர்காலப் பயிர். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு ஆகாது. முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகள் வறண்ட மாதங்களில் தண்ணீர் விட்டால் அழகாக வரும். ஆனால் அடைமழையில் நாற்று அழுகும். இலையின் அடியில் வெள்ளைத் துரு நோய் பிடிக்கும். மழைக்காலத்தில் தழைப்பவை வேறு சில: கொடிப்பசலை, வள்ளைக்கீரை, சேம்பு. முருங்கையும் அகத்தியும் மரங்கள். வேரடியில் தண்ணீர் நிற்காத மேட்டில் நட்டால் ஆண்டு முழுவதும் கை கொடுக்கும்.

பாராடாங்கில் பல ஊர் மக்கள் கலந்து வாழ்கிறார்கள். 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து அழைத்துவரப்பட்ட பழங்குடி மக்களின் வழிவந்தவர்களை எல்லோரும் ‘ராஞ்சிக்காரர்கள்’ என்றே சொல்வார்கள். அந்தமான் தீவுகளில் 1949 முதல் குடியமர்த்தப்பட்ட வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கீரைப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். சந்தையில் பேசுவது எல்லோருக்கும் பொதுவான அந்தமான் இந்தி. அதில் கீரை பெரும்பாலும் ‘பாஜி’தான். எனவே கீரை வாங்கப் போகிறவர் இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

லால் பாஜி: சிவப்பு முளைக்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை.

போய் பாஜி: கொடிப்பசலை. இலை தடித்து, பளபளப்பாக, மென்றால் வழவழவென்று இருக்கும்.

நாலி பாஜி அல்லது கல்மி: வள்ளைக்கீரை. தண்டு உள்ளே கூடாக இருக்கும். இலங்கைத் தமிழர் கங்குன் என்று சொல்வது இதைத்தான்.

கச்சு: சேம்பு. இலை, தண்டு, கிழங்கு மூன்றும் உணவு.

பர்மா தனியா: நீண்ட, ஓரம் முள்முள்ளான இலை, கொத்தமல்லியை விடக் காரமான வாசனை. கொத்தமல்லித் தழை மழையில் அழுகிப்போகும் இந்தத் தீவுகளில் ரசத்துக்கும் சட்னிக்கும் இதுவே ஆதாரம். 1978-இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதிலும் தண்டுக்கீரையிலும் இந்தத் தீவுகளுக்கென்றே தேர்ந்தெடுத்த ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

வல்லாரையைச் சோட்டா நாக்பூர் மக்கள் ‘பேங் சாக்’ என்பார்கள். தரையோடு படர்ந்து ஈரமான இடங்களில் வரும் இந்தக் கீரை, தமிழருக்கும் அவர்களுக்கும் பொதுவானது.

கீரையில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு நமக்குச் சேர்கிறது?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பும், 6 கிராமுக்குச் சற்று மேல் புரதமும், 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி-யும் உள்ளன. பச்சைத் தண்டுக்கீரையிலும் கால்சியம் 300 மில்லிகிராமைத் தாண்டுகிறது. பெயர் பெற்ற பாலக்கிலோ கால்சியம் 80 மில்லிகிராம் அளவில்தான். இரும்பு சுமார் 3 மில்லிகிராம். பாலக் கிடைக்கவில்லை என்று வருந்தத் தேவையில்லை என்பதற்கு இதுவே போதும்.

அட்டவணையில் உள்ளதெல்லாம் அப்படியே இரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. கீரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

முதலில் இரும்பு. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவிலிருந்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் பரிந்துரைத்தது, ஆணுக்கு 19. அப்படியானால் 100 கிராம் முருங்கைக்கீரை ஒரு பெண்ணின் தேவையில் ஆறில் ஒரு பங்கை மட்டுமே தருகிறது. செடியிலிருந்து வரும் இரும்பில் உடம்பு உறிஞ்சிக்கொள்வதும் சிறு பகுதிதான். எனவே கீரை தின்றால் மட்டும் இரத்தசோகை தீர்ந்துவிடாது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. கீரை அதற்குத் துணை.

அந்தத் துணையின் பலத்தைக் கூட்ட வழி உண்டு. வைட்டமின் சி உடனிருந்தால் செடி இரும்பு அதிகம் சேரும். ஆகவே கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம், நெல்லிக்காய் ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாம், பிறகு ஒரு கொய்யா தின்னலாம். மீனும் இறைச்சியும் அதே வேலையைச் செய்கின்றன. மீன் மலிந்த தீவில் கீரையோடு மீனோ இறாலோ சேர்வது ருசிக்கு மட்டுமல்ல, இரத்தத்துக்கும் நல்லது. இதற்கு எதிரி தேநீர். அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்தது கால்சியம். சில கீரைகளில் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. அது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் கரையவிடாது. பாலில் உள்ள கால்சியத்தில் சுமார் 30 விழுக்காடு உடலில் சேரும். பாலக்கின் கால்சியத்தில் சுமார் 5 விழுக்காடுதான். தண்டுக்கீரை, கொடிப்பசலை, சேம்பு ஆகியவற்றிலும் ஆக்சலேட் உண்டு. கொதிநீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் அது கணிசமாகக் குறையும். ஆனால் அதே நீரோடு வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் போய்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் நீரை வடித்துவிடட்டும். மற்றவர்கள் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து அந்த நீரையும் சேர்த்தே சாப்பிடலாம்.

மூன்றாவது, வைட்டமின் ஏ. கரும்பச்சை இலைகளில் பீட்டா கரோட்டின் நிறைய இருக்கிறது. உடம்பு அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். கண்ணுக்கும் தோலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது தேவை. கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயே இல்லாமல் அவித்த கீரையில் அது பெரும்பாலும் உடம்பில் சேராமலே போய்விடும். ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் போதும். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத தீவில் இது பெரிய செலவில்லை.

ஃபோலேட்டையும் சொல்லியாக வேண்டும். கருவுற்ற முதல் சில வாரங்களில், பல பெண்களுக்குக் கருவுற்றதே தெரியாத நாட்களில், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குகின்றன. அதற்கு ஃபோலேட் தேவை. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு முன்கூட்டியே ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். கீரையும் பருப்பும் அந்த இருப்பைக் கூட்டும்.

எவ்வளவு சாப்பிடலாம்? ஒரு நாளில் காய்கறியும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி தட்டில் பாதியைக் காய்கறி, பழம், கீரை, கிழங்கு வகைகள் நிரப்ப வேண்டும். நடைமுறையில், ஆய்ந்த பச்சைக் கீரை இரண்டு பெரிய கைப்பிடி ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சரி. வெந்தால் அது சிறு கிண்ணத்துக்குள் அடங்கிவிடும்.

ஆய்வதும் அலசுவதும்

அந்தமானில் கீரைக்குப் பெரிய பகை ஆப்பிரிக்கப் பெருநத்தை. இரண்டாம் உலகப் போரின்போது தீவுகளைப் பிடித்துவைத்திருந்த ஜப்பானியர் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது. மழை தொடங்கியதும் இரவோடு இரவாகப் பாத்தியை மொட்டையடித்துவிடும். அது மேய்ந்துபோன இலையில் பசை போன்ற கோடு தெரியும். இத்தகைய நத்தைகள் எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியவை. அந்தப் புழுவின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் பச்சை இலையோடு வயிற்றுக்குள் போனால், மூளையுறையில் அழற்சி வரக்கூடும். அதனால் தீவில் கீரையைப் பச்சையாகச் சாலட் போல உண்பதைத் தவிர்ப்பது நல்லது. நன்றாக வேகவைத்தால் இந்த அபாயம் இல்லை.

ஆயும்போது பூச்சி அரித்தது, பழுத்தது, நத்தைப் பசை படிந்தது எல்லாவற்றையும் தள்ளுங்கள். நறுக்கும் முன்பே கழுவ வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் வெட்டுவாய் வழியாக வைட்டமின் சி நீரில் இறங்கும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமிழ்த்தி அலசி, கீரையை மேலே எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலையில் ஏறும். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய வேண்டும்.

வள்ளைக்கீரையின் தண்டைப் பிளந்து உள்ளே பார்க்க வேண்டும். பூச்சியும் சேறும் அங்கே ஒளிந்திருக்கும். அது நின்ற நீரில் வளர்வது. சாக்கடை ஓரத்தில் பறித்ததை வாங்காதீர்கள்.

மறுநாளைக்கு வைப்பதானால் கழுவாமல், ஈரமில்லாமல், துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வையுங்கள். கழுவிய கீரை வெகு சீக்கிரம் அழுகும்.

அடுப்பில் கவனிக்க வேண்டியவை

கீரையை வேகவைக்கும்போது முதல் சில நிமிடம் மூடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வதில் காரணம் இருக்கிறது. இலையிலுள்ள அமிலங்கள் ஆவியோடு வெளியேறுகின்றன. மூடிவைத்தால் அவை மீண்டும் சட்டியில் விழுந்து பச்சையத்தைப் பழுப்பாக்கும். திறந்தே வைத்து, நல்ல சூட்டில், சீக்கிரம் வேகவிட்டால் பச்சை நிறம் நிற்கும். நிறத்துக்காகச் சோடா மாவு போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம், வைட்டமின் சி-யையும் பி1-ஐயும் அது அழிக்கும். புளிப்பை எப்போதும் கடைசியில் சேருங்கள்.

உப்பையும் கடைசியில்தான் போட வேண்டும். பச்சைக் கீரை சட்டி நிறையத் தெரியும். அதைப் பார்த்து உப்புப் போட்டால், கீரை சுருங்கியதும் உப்பு கரித்துவிடும்.

இனி, தீவில் கிடைப்பதை வைத்து ஐந்து சமையல்.

லால் பாஜி மசியல். அரை ஆழாக்குப் பாசிப்பருப்பைத் தனியே குழைய வேகவையுங்கள். ஒரு கட்டுச் சிவப்புக் கீரையை, இளந்தண்டோடு பொடியாக நறுக்கி, இரண்டு பச்சை மிளகாய், நான்கு பல் பூண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்து, அடி பிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துத் திறந்தே வேகவிடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் தண்டு நசுங்கும். பருப்பையும் உப்பையும் சேர்த்து மத்தால் கடையுங்கள். மிக்சியில் அரைத்தால் பசையாகிவிடும். மத்தில் கடைந்தால் இலையும் தண்டும் நாவில் தட்டுப்படும். தேங்காய் எண்ணெயில் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்துக் கொட்டி, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். சோறு இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால் குழந்தைகள் ஆசையாகச் சாப்பிடும் கீரை இது.

கொடிப்பசலையும் இறாலும். இது வங்காளி வீட்டுச் சமையல். உரித்த சின்ன இறாலில் மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டித் தனியே எடுத்துவையுங்கள். அதே எண்ணெயில் கடுகு, சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம் ஐந்தும் சேர்ந்த கலவையைத் தாளித்து, பூசணித் துண்டும் உருளைக்கிழங்கும் போட்டு வதக்குங்கள். முக்கால் பதம் வெந்ததும், விரலளவு நறுக்கிய பசலைத் தண்டையும் பிறகு இலையையும் சேருங்கள். தண்ணீர் விட வேண்டியதில்லை. கீரையே தண்ணீர் விடும். கடைசியில் இறாலைப் போட்டு ஒரு கொதி. பசலையின் வழவழப்புப் பிடிக்காதவர்களுக்கும் இது பிடிக்கும். பூசணியின் இனிப்பு அதை மறைத்துவிடும்.

முருங்கைக்கீரைத் துவட்டல். இலையை மட்டும் உருவி, சிறு காம்பையும் விடாமல் நீக்குங்கள்; காம்பு வயிற்றைக் கடுக்கவைக்கும். எண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, இலையைப் போட்டு மெல்லக் கிளறுங்கள். கரண்டியால் ஓயாமல் கிண்டினால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். மலர வெந்த துவரம்பருப்பைக் கொஞ்சம் தூவினால் இலை பிரிந்து நிற்கும். தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்குங்கள். கசப்புத் தெரிந்தால் ஒரு சிட்டிகை வெல்லம். நெத்திலிக் கருவாட்டை வறுத்து உதிர்த்துச் சேர்த்தால் சோற்றுக்கு வேறு எதுவும் தேடவேண்டாம். கருவாட்டில் உப்பு இருக்கும். அதை நினைவில் வைத்துக்கொண்டு உப்புப் போடுங்கள்.

வள்ளைக்கீரை வதக்கல். அவசரச் சமையல், ஐந்து நிமிடம் போதும். தண்டையும் இலையையும் தனித்தனியாக நறுக்கி வையுங்கள். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயில் தட்டிய பூண்டு நிறையப் போட்டு, மிளகாய் கிள்ளி, முதலில் தண்டையும் ஒரு நிமிடம் கழித்து இலையையும் போட்டுப் பெருந்தீயில் புரட்டுங்கள். தண்டு கடித்தால் மொறுமொறுப்பும், இலை குழைவுமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் செய்வதுபோலத் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் சேர்த்து வறையாகவும் ஆக்கலாம்.

சேம்பு இலைப் புளிக்குழம்பு. சேம்பிலையில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. வேகாமல் தின்றால் தொண்டை அரிக்கும், நாக்கு தடிக்கும். சமையலுக்கு வளர்க்கிற வகையின் இளந்தளிரை மட்டும் எடுங்கள். காட்டில் வளரும் எல்லாச் சேம்பும் உண்ணத் தக்கதல்ல. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். தண்ணீரில் நன்கு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி குழையும்வரை வேகவிடுங்கள். பிறகு புளிக்கரைசல், பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டலாம். நின்று வேகவிட நேரமில்லாத நாளில் இந்தக் கீரையைத் தொடாதீர்கள்.

இந்த ஐந்துக்கும் துணையாகப் பர்மா தனியாச் சட்னி: நான்கைந்து இலை, தேங்காய், பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி. வாசனை பலமாக இருப்பதால், கொத்தமல்லி போடுமிடத்தில் இதில் பாதி போதும். சட்னிக்கு அரைக்கும் முன் இலையைக் கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்துவிடுங்கள்.

சமைத்த கீரையை அன்றே முடித்துவிட வேண்டும். கீரையில் இயல்பாகவே நைட்ரேட் உண்டு. வெந்த கீரை வெயில் காலச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். முந்தைய நாள் கீரையைக் கைக்குழந்தைக்கு ஊட்டக் கூடாது என்பதன் காரணம் இதுதான். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அன்று சமைத்த கீரையைக் காம்பில்லாமல் மசித்து, பருப்புச் சோற்றோடு ஒரு தேக்கரண்டியில் தொடங்கலாம்.

யார் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்?

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டு, அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாறுவதுதான் ஆபத்து.

கால்சியம் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள். பாலக், தண்டுக்கீரை, பசலை, சேம்பு ஆகியவற்றைக் குறைத்து, வேகவைத்த நீரை வடித்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்கள். கீரையில் பொட்டாசியம் மிகுதி. எவ்வளவு, எந்தக் கீரை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் வளர்க்க

பாராடாங்கில் கீரை வாங்குவதை விட வளர்ப்பது சுலபம். தண்ணீர் தேங்குவதுதான் முதல் பிரச்சினை. தாழ்ந்த நிலத்தை வெட்டி, மண்ணை ஒருபுறம் குவித்து அகன்ற மேட்டுப் பாத்தியும், நடுவே நீர் நிற்கும் வாய்க்காலுமாக அமைக்கும் முறையை வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தீவு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. மேட்டில் காய்கறி, பள்ளத்தில் மீன். வீட்டு வாசலில் இதன் சிறு வடிவம் போதும்: ஒரு முழம் உயரத்துக்குப் பாத்தியைத் தூக்கி, சுற்றிலும் தென்னை மட்டையால் அணை கொடுத்து, குப்பை எருவும் மக்கிய தேங்காய் நார்த்தூளும் கலந்தால் முடிந்தது.

நவம்பர், டிசம்பரில் மழை தணியும்போது லால் பாஜி விதையை மணலோடு கலந்து தூவுங்கள். 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். பதினைந்து நாளுக்கொரு முறை ஒரு சிறு பாத்தியில் புதிதாகத் தூவினால் ஏப்ரல் வரை தட்டுப்பாடு இருக்காது.

மே மாதம் முதல் மழையோடு, சந்தையில் வாங்கிய கொடிப்பசலையின் முற்றிய தண்டையே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றுங்கள். வேலியில் ஏற்றிவிட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பறிக்கலாம். வள்ளைக்கீரைத் தண்டும் கணுவில் வேர் விடும். சமைத்தது போக மீந்த அடித்தண்டை ஈரமான மூலையில் செருகினால் போதும். பர்மா தனியாவுக்கு நிழல் வேண்டும். பூந்தண்டு கிளம்பியதும் கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து வரும். முருங்கைக்குக் கொம்பை மேட்டில் நட்டு, இடுப்பளவில் கவாத்துச் செய்தால் ஏணியில்லாமல் கீரை உருவலாம்.

நத்தைக்கு மருந்தடிப்பதை விட, மாலையில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ பாத்தியோரம் போட்டுவைத்து, அதன் அடியில் கூடும் நத்தைகளைக் காலையில் பொறுக்கி உப்பு நீரில் போடுவது நல்லது. வெறுங்கையால் தொடாதீர்கள். மழைக்காலச் சேற்றில் வேலை செய்யும்போது காலில் செருப்பாவது இருக்கட்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண் வழியாகக் காலிலுள்ள புண்ணில் புகும் லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் காய்ச்சல் அந்தமானில் நன்கு அறியப்பட்ட நோய்.

காட்டுக் கீரையைத் தேடிக் காப்புக் காட்டுக்குள் போக வேண்டாம். ஜராவா மக்களின் காப்பகத்துக்குள் நுழைவதையும் அங்கிருந்து எதையும் எடுப்பதையும் 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்ட விதி தடைசெய்கிறது. அங்கே உள்ள இலையும் கிழங்கும் அவர்களுடைய உணவு.

ஒரு வாரத்துக்கு

தினமும் ஒரே கீரை என்றால் யாருக்கும் அலுக்கும். சத்தும் ஒரே பக்கமாகச் சேரும். மழைக்கால வாரம் ஒன்றுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: திங்கள் முருங்கைத் துவட்டல், புதன் வள்ளைக்கீரை வதக்கல், வெள்ளி பசலைப் பருப்புக் கூட்டு, ஞாயிறு பசலையும் இறாலும். வறண்ட காலத்தில் இரண்டு நாள் லால் பாஜி மசியல், ஒரு நாள் முருங்கை, ஒரு நாள் அகத்தி. நடுநாட்களில் தோசை மாவிலோ அடையிலோ ஒரு பிடி முருங்கை இலை. கீரைக்கென்று தனியாக உட்கார நேரமில்லாத வீடுகளில் இந்தக் கடைசி வழிதான் அதிகம் கைகொடுக்கும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு பாக்கெட் விதை, சில தண்டுகள், ஒரு முருங்கைக் கொம்பு. மே மாத முதல் மழைக்கு முன் பாத்தியை உயர்த்திவிட்டால், ஆகஸ்டில் படகு ஓடாத நாளிலும் தட்டில் பாதி பச்சையாக இருக்கும்.